பிரச்சினை என்றால் கேள்வி

இந்த மாதப் பாடத்தை ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். தோற்றது நான்தான்.

நான் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன செமஸ்டரில் எங்கள் குழுவுக்கு ஒரு புரொஜெக்ட்: ஒரு சிறு வியாபாரியின் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும். "தேக்கா பக்கத்துல, பஃபலோ ரோட்டுல பூக்கடைங்க இருக்கே, வெயில்ல பூ வாடும். குளிர்பெட்டி செய்வோம்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஈரத்துணி, மின்விசிறி வைத்து ஒரு பெட்டி. மூன்று வாரம் உழைத்தோம்.

பெட்டி குளிரவே இல்லை. தண்ணீர் ஆவியாகும்போதுதான் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். 31 டிகிரி வெப்பம், 70 விழுக்காடு ஈரப்பதம் என்றால் இந்த மாதிரிப் பெட்டி சுமார் 26.5 டிகிரிக்குக் கீழே இறங்காது. நம்ம சிங்கப்பூர் காற்றைப் பற்றி முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

வீட்டில் அக்காவிடம் புலம்பினேன். "டேய், அந்தக் கடை ஆண்ட்டிகிட்ட பேசினியா?" என்றார். பேசவில்லை.

அக்கா படித்தது ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில். 2002-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி, 'ஒரு நாள், ஒரு பிரச்சினை' என்ற முறைக்குப் பேர் போனது. காலையில் விரிவுரைக்குப் பதில் ஒரு பிரச்சினை கைக்கு வரும். குழு மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளும்: நமக்கு என்ன தெரியும்? என்ன தெரியாது? எதைத் தேட வேண்டும்? பிறகு தேடிப் படித்து, அன்றைக்கே வகுப்பின் முன் விளக்க வேண்டும். ஆசிரியர் விடை சொல்லமாட்டார், வழிகாட்டுவார். 1960களின் இறுதியில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்காக வந்த முறை இது. பிறகு எஞ்சினியரிங்குக்கும் பரவியது.

நாங்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை.

மறுநாள் கடைக்குப் போனோம். ஆண்ட்டி சிரித்தார். "பூ வாடுறது எனக்குப் புதுசா தம்பி? தண்ணி தெளிச்சு மூடி வச்சுக்குவேன். வெள்ளிக்கிழமை எவ்வளவு போகும்னு தெரியும். மத்த நாள்லதான் கணக்கு தப்புது. மிஞ்சினா குப்பைதான்."

அவருடைய பிரச்சினை வெப்பமே இல்லை, கொள்முதல் அளவு! மிச்சமிருந்த இரண்டு வாரமும் தினம் எத்தனை முழம் விற்றது, எவ்வளவு மிஞ்சியது என்று அவரோடு சேர்ந்து ஒரு நோட்டில் குறித்தோம். இரண்டு வாரக் கணக்கு போதாது. அதையும் அறிக்கையில் மறைக்காமல் எழுதினோம். மதிப்பெண் சுமார்தான். ஆனால் ஆண்ட்டி அந்த நோட்டை இன்னும் எழுதுகிறார்.

'பிரச்சினை' என்ற சொல் 'பிரச்ன' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் கேள்வி. பிரச்ன உபநிடதத்தில் ஆறு பேர் பிப்பலாத முனிவரைத் தேடிப் போகிறார்கள். அவர் உடனே பாடம் எடுக்கவில்லை. ஓராண்டு இங்கே தங்குங்கள், பிறகு கேளுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன் என்கிறார். 'தெரிந்தால்' என்று குருவே சொல்கிறார். எனக்கு மட்டும் பூக்கடையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பு!

இந்த வாரம் செய்து பாருங்கள். வீட்டிலோ கோயில் தொண்டூழியத்திலோ கண்ணில் படும் ஒரு பிரச்சினையை எடுங்கள். மூன்று கேள்விகளையும் தாளில் எழுதுங்கள். தீர்வு சொல்லும் முன், அந்தப் பிரச்சினையோடு தினமும் வாழ்கிற ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். தாளில் எந்த வரியை அடிக்க வேண்டியிருந்தது என்று அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.