சித்தேரிக்கு மின்சாரக் கார் சரிப்படுமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அரூரிலிருந்து சித்தேரிக்குச் சுமார் 26 கி.மீ. மலையேறித்தான் வீடு சேர வேண்டும். பெட்ரோல் என்றால் கேனில் வாங்கி வந்து ஊற்றிக்கொள்ளலாம். மின்சாரத்தை அப்படிக் கொண்டுவர முடியாது. அதனால் கார் வாங்கும் யோசனையை ஷோரூமில் அல்ல, வீட்டு மீட்டரில் தொடங்குங்கள்.

1. மின்இணைப்பு

இலவச விவசாய இணைப்பிலோ குடிசை இணைப்பிலோ கார் சார்ஜ் போடக் கூடாது. வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். போதாவிட்டால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுங்கள். காருக்கென்று தனி 15 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

இந்தப் பிளக்கில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும். இரவு 10 மணிக்குப் போட்டால் விடிவதற்குள் 20 யூனிட் சேர்ந்துவிடும். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஏற்றத்தின் கணக்கு

சிறிய மின்சாரக் கார் சமதளத்தில் யூனிட்டுக்கு 7 கி.மீ. தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள காரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, கூடுதலாக 0.4 யூனிட் தேவை. உங்கள் குக்கிராமம் அரூரைவிட 500 மீட்டர் உயரத்தில் இருந்தால், 26 கி.மீ. தூரத்துக்கு 4, ஏற்றத்துக்கு 2, ஆக 6 யூனிட். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஏற்றத்துக்குச் செலவானதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பும். அதனால் இறங்க 2 யூனிட்டே போதும். சில நாள் 3 ஆகலாம்.

3. பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது

தருமபுரி போய்த் திரும்புவதை அளவுகோலாக வையுங்கள். இறங்க 2, அரூர்–தருமபுரி போக 6, வர 6. திரும்பி அரூருக்கு வரும்போது 14 யூனிட் போயிருக்கும். அரூரில் 10 யூனிட் மீதம் இருக்க வேண்டும்: 6 ஏறுவதற்கு, 4 மழைக்கும் மாற்றுப் பாதைக்கும். 24 யூனிட் பேட்டரி 90 சதவீதத்தில் கிளம்பினால் மீதம் 7.6 தான், தருமபுரியில் கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். 30 யூனிட் பேட்டரியில் 13 மிஞ்சும். விளம்பரத்தில் போடும் கி.மீ. கணக்கு ஆய்வகச் சோதனையில் வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள்.

4. அன்றாட ஓட்டம்

காலையில் மலை இறங்கும் நாளில் 100 சதவீதம் நிரப்பாதீர்கள். நிரம்பிய பேட்டரியில் இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். 90 போதும். சில வகை பேட்டரிகளை அவ்வப்போது 100 வரை நிரப்பச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். அதை வீட்டில் இருக்கும் நாளில் செய்யுங்கள். இறங்கும்போது ரீஜென் (மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தரும்) அளவை அதிகபட்சத்தில் வையுங்கள்.

5. நெடுந்தூரம்

சென்னைக்கு ஊத்தங்கரை, திருப்பத்தூர், வாணியம்பாடி வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். சார்ஜ் போட 100 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம் என்று திட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று நிலையத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜிங் கன் பழுதாகிக் கிடக்கலாம், வரிசையும் இருக்கலாம். ஃபாஸ்ட் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறையும், அதோடு கிளம்பிவிடுங்கள். சார்ஜிங் நிலையத்தின் ஆப்பில் பணத்தைக் கிளம்பும் முன்பே ஏற்றிவையுங்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது. ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் பஞ்சர் கிட் மட்டுமே கொடுக்கிறார்கள். வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

6. கடைசிச் சோதனை

டெஸ்ட் டிரைவை ஊருக்குள் சுற்றி முடிக்காதீர்கள். வீட்டு ஆட்களை ஏற்றி, ஏ.சி. போட்டு, அரூரிலிருந்து உங்கள் வாசல் வரை ஓட்டுங்கள். கிளம்பும்போதும் சேரும்போதும் பேட்டரி சதவீதத்தைக் குறியுங்கள். 24 யூனிட் பேட்டரியில் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அடுத்த பெரிய பேட்டரிக்குப் போங்கள். அதற்குப் பணம் இடிக்கும் என்றால் இப்போதைக்குப் பெட்ரோல் காரே மேல்.