பொருளுக்குப் பின்னால் நிற்கும் ஆற்றல்

ஓர் அலுமினியப் பாத்திரத்தின் விலையைக் கடைக்காரர் உடனே சொல்லிவிடுவார். ஆனால் அதனை ஆக்குவதற்குச் செலவான ஆற்றல் எவ்வளவு? அதை அளக்கும் முறையைச் சுருக்கமாக ஆராய்வோம்.

உத்தரப் பிரதேசத்து ரேணுகூட் ஆலை 1962-இல் உற்பத்தியைத் தொடங்கியது. முதலில் ரிஹந்து அணையின் மின்சாரம் அதற்குத் துணைநின்றது. பின்னர் ரேணுசாகரில் நிலக்கரியால் இயங்கும் மின்நிலையம் எழுந்தது. இத்தகைய ஆலைகளில், பாக்சைட்டிலிருந்து பெற்ற அலுமினாவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து, மின்சாரம் செலுத்தி உலோகத்தைப் பிரிக்கின்றனர். ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும்.

கணக்கு இத்துடன் முடிந்ததா? இல்லை. அனல் மின்நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. ஆகவே 14 யூனிட்டுக்குப் பின்னால் சுமார் 42 யூனிட் வெப்பம் மறைந்து நிற்கிறது. சுரங்க வேலையையும் இரயில் போக்குவரத்தையும் சேர்த்தால் தொகை மேலும் உயரும். இவ்வாறு கூட்டிப் பெறுவதே பொதிந்த ஆற்றல்.

அமெரிக்கச் சூழலியல் அறிஞர் ஹோவர்ட் ஓடம் (1924–2002) இன்னும் பின்னே சென்றார். நிலக்கரி பண்டைக் காடுகளிலிருந்து வந்தது. அக்காடுகளோ கதிரவன் ஒளியால் வளர்ந்தவை. ஆதலின் மழை, மண், மனித உழைப்பு யாவற்றையும் கதிரவன் ஆற்றல் என்னும் ஒரே அலகில் அளக்கலாம் என்றார். இதற்கு 'எமர்ஜி' என்று பெயர். 1996-இல் வெளிவந்த அவரது நூல் இம்முறையை விரித்துரைக்கிறது. மருத்துவரின் அரைமணி நேரப் பணிக்குப் பின்னாலும் அவர் உண்ட உணவும் கற்ற கல்வியும் ஆற்றலாக நிற்கின்றன என்பது இதனால் விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கணக்கின் எல்லையை ஆலை வாயிலில் வகுத்தால் ஒரு விடை. சுரங்கத்தில் வகுத்தால் வேறொரு விடை. கதிரவனிடம் வகுத்தால் மற்றொன்று. எல்லையைக் கூறாத எண்ணை மற்றொன்றோடு ஒப்பிடுதல் பிழையாகும்.

இக்கணக்கால் பயன் என்ன? அணையை நிரப்பிய மழை யாரிடமும் கூலி கேட்பதில்லை. அதனால் விலைச்சீட்டில் அதற்கு இடமுமில்லை. விலையில் காணாததை எளிதில் வீணாக்குகிறோம். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த, புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே போதும். பேரீச்சம்பழம் கொடுத்து ஓட்டைப் பாத்திரம் வாங்கிச் செல்லும் தெரு வணிகர், நாட்டின் நிலக்கரியைக் காப்பவர் அன்றோ?