நம் காலடியில் உள்ள செல்வம்



மாரி காலத்தில் விளையாடிவிட்டு வந்தால், “காலைக் கழுவிவிட்டு உள்ளே வா” என்று அம்மா சொல்லுவார். அதனால் மண் என்றால் அழுக்கு என்றே நம்மிற் பலர் எண்ணிவிடுகிறோம். ஆனால் நீங்கள் உண்ணும் பிட்டும், உடுக்கும் பருத்திச் சட்டையும், வீட்டுக் கூரையின் ஓடும், குடத்துத் தண்ணீரும் மண்ணின் துணையின்றி வந்தவையல்ல.

மண் என்றால் என்ன? பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து தூளாகி, அதனோடு உக்கிய இலைகுழையும், காற்றும், நீரும், எண்ணற்ற சிற்றுயிர்களும் சேர்ந்ததே மண். ஒரு விரற்கடை மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும். பெருமழையில் அது ஒரே நாளில் அள்ளுண்டு போகவும் கூடும்.

இதை நீங்களே சோதித்துப் பாருங்கள். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றிலொரு பங்கு வளவு மண்ணைப் போட்டு, நீர் விட்டு, நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். பருமணல் முதலில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் படியும். களி கடைசியாகவே படியும். உக்கிய சருகு மேலே மிதக்கும். மணல் நீரை விரைவில் வழியவிடும். களி பிடித்து வைக்கும். உக்கல் பயிருக்கு ஊட்டம் தரும். மூன்றும் அளவோடு கலந்த மண்ணே நல்ல தோட்டமண்.

இனி யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வலிகாமத்துச் செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவது அதிலுள்ள இரும்புத் துரு. அம்மண்ணின் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மாரி மழை மண்ணில் ஊறி, அக்கல்லின் வெடிப்புகளில் தங்கி, கிணற்று நீராகிறது. ஆகவே மண்ணில் எதைக் கொட்டுகிறோமோ அதுவே நம் கிணற்றுக்கும் வரும்.

பயிருக்குத் தேவைக்கு மேல் யூரியா இட்டால் மிஞ்சுவது நைத்திரேற்றாக நீரோடு கீழே இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது என்பதைப் பெற்றோர் மனத்திற் கொள்ளவேண்டும்.

அப்படியானால் பசளையே வேண்டாமா? 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது நாட்டின் விளைச்சல் விழுந்ததையும் கண்டோம். அளவறிந்து இடுவதே அறிவு. நம் முன்னோர் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தினார்கள்; ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். அப்படிச் சேர்ந்த உக்கல் ஊட்டத்தையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, பயிருக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்தது.

வேதாகமத்தின் முதல் மனிதனுக்கு ஆதாம் என்று பெயர். எபிரேய மொழியில் ‘அதாமா’ என்றால் மண். மண்ணோடு நமக்குள்ள உறவு அப்பெயரிலேயே இருக்கிறது.

இந்த வாரம் செய்யவேண்டியவை: முற்றத்துச் சருகைக் கொளுத்தாமல் குழியில் இட்டு உக்கவிடுங்கள். பழைய பற்றரிகளையும் பொலித்தீனையும் மண்ணிற் புதைக்காதீர்கள். வெறுமையாய்க் கிடக்கும் வளவு மூலையில் ஒரு கன்று நடுங்கள்.

ஆசிரியர்களே, போத்தற் சோதனையை வகுப்பிலே பிள்ளைகளின் கையாலேயே செய்வியுங்கள். கையில் மண்பட்டுப் படித்த பிள்ளை அதை எளிதில் பாழாக்காது.