ரெவிட்டில் சப் கேட்டகரி: ஏன்? எப்படி?



கட்டடம் வரைய உதவும் ரெவிட் மென்பொருளைத் திறந்ததும் நாம் முதலில் தேடுவது லேயரைத்தான். ஆட்டோகேடில் பழகிய கை அப்படி! ரெவிட்டில் அதற்குப் பதில் கேட்டகரி இருக்கிறது. சுவர், கதவு, ஜன்னல் என்ற இப்பிரிவுகள் மென்பொருளோடு வருபவை. புதிதாக ஒன்றை நாம் உண்டாக்க முடியாது. ஆனால் ஜன்னல் போன்ற பிரிவுகளுக்குக் கீழே உட்பிரிவு சேர்க்கலாம். அதுதான் சப் கேட்டகரி.

நம்ம ஊர் ஜன்னலையே எடுத்துக்கொள்வோம். பிரேம், ஷட்டர், கண்ணாடி, இரும்பு கிரில் எல்லாம் சேர்ந்ததுதான் அது. 1:20 விவரப்படத்தில் கிரில் தெரிய வேண்டும். 1:100 படத்தில் அதே கம்பிகள் நெருங்கி ஒரே கறுப்பாகிவிடும். கிரிலுக்குத் தனி உட்பிரிவு இருந்தால் அதை மட்டும் மறைக்கலாம். ஜன்னல் அப்படியே நிற்கும்.

செய்முறை:

1. ஜன்னல் ஃபேமிலியை ஃபேமிலி எடிட்டரில் திறக்கவும். மேனேஜ் டேபில் ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ் சென்று, நியூ அழுத்தி, விண்டோஸின் கீழ் 'கிரில்' என்று பெயர் கொடுக்கவும்.

2. கம்பிகளைத் தேர்வு செய்து, பிராப்பர்ட்டீஸில் சப் கேட்டகரி என்ற இடத்தில் 'கிரில்' வைக்கவும். பெயர் மட்டும் உண்டாக்கி இதை விட்டுவிட்டால் பயனே இல்லை.

3. புராஜெக்டில் லோடு செய்து, ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸில் கோட்டின் கனம் கொடுக்கவும். வெட்டுப்பட்ட பாகத்துக்கு ஒன்று, பார்வையில் தெரியும் பாகத்துக்கு ஒன்று. 1 முதல் 16 வரையுள்ள எண்கள் மி.மீ. அல்ல, பேனா எண்கள்.

4. ஒரு வியூவில் மட்டும் மறைக்க, கீபோர்டில் 'வி' எழுத்தை இரண்டு முறை தட்டி, கிரிலுக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடவும்.

ஒரு எச்சரிக்கை. நாலு பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்யும்போது ஒருவர் 'கிரில்', இன்னொருவர் 'கிரில்ஸ்', மூன்றாமவர் 'ஜன்னல் கம்பி' என்று வைத்தால் மூன்றும் தனித்தனி உட்பிரிவுகளாக வந்து உட்கார்ந்துவிடும். ஒன்றை மறைத்தால் மற்றவை தெரியும். ஆகவே வேலை ஆரம்பிக்கும் முன்பே பெயர்ப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்வோம். ஒரே பெயர் என்றால், புராஜெக்டில் ஏற்கெனவே உள்ள அமைப்பே எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இதெல்லாம் மார்க்குக்காக மட்டுமா? என் அப்பா கொத்தனார். சைட்டில் அவர் கைக்கு வருவது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். திரையில் நாம் கொடுத்த கலர் அதில் நிற்காது. கோட்டின் கனம்தான் நிற்கும். எது சுவர், எது ஜன்னல் என்று அவர் யாரையும் கேட்காமல் புரிந்துகொண்டால்தான் அது நல்ல டிராயிங். கிரிலுக்குத் தனிப் பெயர் வைப்பது அவருக்காகத்தான்.

செய்து பாருங்கள், நண்பர்களே!