கட்டைப்பைக்குள் ஒரு குட்டி

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் குட்டி பதினெட்டு நாள்தான் இருந்தது. முதல் ஊசி போட்டாச்சு, இனிமேல் பயமில்லை என்று நம்பி மறுநாளே தெருவில் இறக்கிவிட்டோம். முக்குவரை ஓடி, குப்பைத்தொட்டி ஓரமெல்லாம் முகர்ந்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள் சோற்றைத் தொடவில்லை. ராத்திரி வாந்தி, விடிவதற்குள் ரத்தமாகப் பேதி. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. பார்வோ என்ற கிருமிநோய். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நாய் என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

போன தை பிறந்த சமயம், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குட்டி போட்டிருந்த தெருநாயின் குட்டிகளில் ஒன்றை எடுத்துவந்தோம். எட்டு வாரம் தாயிடம் இருக்கட்டும் என்று பொறுத்திருந்துதான் எடுத்தோம். செவலை நிறம். பெயரும் செவலைதான்.

ஒரு ஊசி ஏன் போதாது என்பதை இந்த முறைதான் டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சமிருக்கும்வரை, அதுவே ஊசி மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று, நான்கு வார இடைவெளியில் 16 வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். செருப்பிலும் ஒட்டி வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டு, கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சிலருக்கு வருத்தம்தான். எனக்கு வேறு வழியில்லை.

ஆனால் இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம்வரைதான். அந்த நாட்களில் பஸ்ஸையும் கூட்டத்தையும் காணாமல் நாலு சுவருக்குள் வளர்ந்த குட்டி, பெரிதானபின் எதைக் கண்டாலும் மிரளும். மிரளுகிற நாய்தான் பெரும்பாலும் கடிக்கும். ஊசி முடிவதற்குள் அந்தக் காலம் போய்விடுமே என்று கேட்டேன். “தரையில விடாதீங்கம்மா. மத்தபடி எல்லாத்தையும் காட்டுங்க” என்றார்.

அப்போதுதான் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஞாபகம் வந்தது. அடியில் துண்டை நாலாக மடித்துப் போட்டால் செவலை கச்சிதமாக உட்காரும். தினமும் சாயங்காலம் இருபது நிமிடம், பஸ் ஸ்டாப் சிமெண்ட் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் பஸ் ஹாரன் அடித்ததும் அது நடுங்கியது பையைத் தாண்டி என் தொடையில் தெரிந்தது. வேகவைத்த கோழியைப் புளியங்கொட்டை அளவுக்குக் கிள்ளிக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன், வாங்கவில்லை.

பிடித்த தீனியைக் குட்டி வாங்க மறுத்தால், அந்தச் சத்தம் அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நான் அன்று கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். தட்டிக்கொடுத்து அங்கேயே உட்காரவைக்கக் கூடாது. மறுநாள் பூக்காரம்மா கடைக்குப் பின்னால், ரோட்டிலிருந்து முப்பதடி தள்ளிப்போய் நின்றேன். ஹாரன் கேட்டது, உடனே ஒரு துண்டு. வாங்கித் தின்றது. அங்கிருந்து தினம் நாலு நாலு அடியாகத்தான் பெஞ்சுக்குத் திரும்பினோம்.

“என்னம்மா பைக்குள்ள, கோழியா?” என்று பூக்காரம்மா எட்டிப் பார்த்தார். அதற்குள் ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்திருந்தது. ஹெல்மெட் போட்ட ஆள், கைத்தடி ஊன்றி வந்த தாத்தா, விரித்த குடை, யூனிஃபார்ம் பிள்ளைகளின் கூச்சல், குப்பை வண்டி என்று எல்லாவற்றையும் அது அந்தப் பைக்குள்ளிருந்தே பார்த்தது. வீட்டில் மிக்ஸியையும் இப்படித்தான் பழக்கினோம். முதலில் கதவைச் சாத்தி உள்ளறையில் ஓடவிட்டோம், பிறகு கதவைத் திறந்து.

மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் தானாக வரும். முதல் மூன்று ராத்திரி என் பாய்க்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்து, கையை உள்ளே விட்டுக்கொண்டே தூங்கினேன், அழுகை அடங்கிவிட்டது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் உடனே கொல்லைக்குத் தூக்கிப் போனால் வீட்டுக்குள் ஈரமாவது பாதியாகக் குறையும். தப்பு நடந்தபின் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது கொடுமை. அதனால் குட்டி கற்றுக்கொள்வது நம்மைக் கண்டு ஒளியத்தான்.

“நாய்க்குப் பால் வைக்காம வேற என்னத்த வைக்கிறது?” என்று அம்மா கேட்டார். மாட்டுப்பால் பல குட்டிகளுக்குப் பேதியாகும். சோறும் கோழியும் முட்டையும் உப்பில்லாமல், ஒரு நாளைக்கு நாலு வேளை வைத்தோம். வெங்காயம், பூண்டு ஆகாது. பாயசத்தில் போடுகிற உலர்திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்பதால் பண்டிகை நாளில் எல்லோர் கண்ணும் தரையில் இருக்க வேண்டும்.

சாயங்காலம் ஏழு மணியானால் செவலை பேய் பிடித்தமாதிரி ஓடி, புடவைத் தலைப்பைக் கவ்வி இழுக்கும். விளையாட்டு பத்தவில்லை என்று நினைத்து இன்னும் ஓடவிட்டேன். கடி கூடியதுதான் மிச்சம். அது தூக்கம். இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளில் பதினெட்டு மணிநேரம்வரை தூக்கம் வேண்டும். விளக்கை அணைத்துப் பெட்டியில் விட்டால் ஐந்து நிமிடத்தில் குறட்டை.

அப்படி ஒரு சாயங்காலம் மகளின் கையில் பல் பட்டுக் கீறியது. ரத்தம் வரவில்லை. “குட்டிதானே” என்று நிறைய பேர் விட்டுவிடுவார்கள். வெறிநோய்க்கு அப்போது செவலைக்கு ஊசி போடும் வயதே வரவில்லை. மூன்று மாதம் ஆனபின்தான் போடுவார்கள். குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று நாலு தவணை, இலவசமாகவே போட்டார்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை. வராமல் தடுக்கத்தான் மருந்திருக்கிறது. இதில் வெட்கமோ சோம்பலோ பார்க்காதீர்கள்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து, பங்குனியில் ஒரு விடியற்காலை, தார் ரோடு சூடேறுமுன் செவலையை முதன்முதலாகத் தெருவில் இறக்கினேன். கழுத்தில் பட்டை, கையில் கயிறு. வாசல்படியைத் தாண்டியதும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. நான் இழுக்கவில்லை, படியில் உட்கார்ந்துகொண்டேன். பால்காரர் போனார். பேப்பர் போடும் பையன் போனான். செவலை மண்ணை மட்டும் முகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு படபடத்தது.

மெயின் ரோட்டில் முதல் பஸ் ஹாரன் அடித்தது. செவலை காதைத் தூக்கிக் கேட்டது. பிறகு திரும்பி, கோழித் துண்டுக்காக என் கையைப் பார்த்தது.