அமிகா ஏன் பறந்தது, ஏன் விழுந்தது



1985இல் 256 கேபி நினைவகத்தோடு வந்த அமிகா 1000 எப்படிப் பல நிரல்களை ஒன்றாக ஓட்டியது, அப்படி ஓட்டிய கணினி ஏன் ஒரே நிரலின் பிழையால் மொத்தமாகப் படுத்தது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் விடை ஒன்றுதான். கார்ல் சாசன்ராத் எழுதிய 'எக்ஸெக்' என்ற கருநிரலில் அது இருக்கிறது.

அன்றைய எம்எஸ்-டாஸில் ஒரு நிரலை மூடினால்தான் அடுத்தது. எக்ஸெக் யாருடைய தயவுக்கும் காத்திருக்காது. முறை முடிந்ததும் செயலியைப் பிடுங்கி அடுத்த நிரலிடம் கொடுத்துவிடும். நிரல்கள் செய்திகள் வழியே பேசிக்கொள்ளும். மவுஸை அழுத்தினால், சாளரங்களைக் கவனிக்கும் 'இன்ட்யூஷன்' அதை ஒரு செய்தியாக்கி உங்கள் நிரலின் செய்திப் பெட்டியான போர்ட்டில் சேர்க்கும். நகலெடுப்பதே இல்லை. செய்தி நினைவகத்தில் கிடந்த இடத்திலேயே கிடக்க, போர்ட்டின் பட்டியலில் அதைக் கோத்துவிடுவதோடு சரி. பத்து பைட் செய்தியானாலும் பத்தாயிரம் பைட் ஆனாலும் வேலை அதேதான். பதில் வரும்வரை அனுப்பிய நிரல் அதைத் தொடக்கூடாது என்பது வெறும் ஒப்பந்தம். தொட்டால் தடுக்க ஆளில்லை.

எக்ஸெக்கில் எனக்கு மிகவும் பிடித்தது நினைவக முகவரி 4. நிரல் எழுதுபவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய நிலையான முகவரி அது ஒன்றுதான். எக்ஸெக் எங்கே இருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கும். அந்த இடத்திலிருந்து 552 பைட் பின்னால் போனால், மற்ற நூலகங்களைத் திறக்கும் வழி கிடைக்கும். இப்படி ஒவ்வொரு சேவைக்கும் 6 பைட்டில் ஒரு தாவல் கட்டளை. புதிய ரோம் சில்லில் அந்தச் சேவைகளெல்லாம் இடம் மாறினாலும், பழைய நிரல் அதே வழியாக வந்து சேர்ந்துவிடும். எவ்வளவு தெளிவான யோசனை!

இனி, அது ஏன் படுத்தது என்ற கேள்வி. அமிகா 1000இன் மோட்டரோலா 68000 செயலியில் ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொன்றிடமிருந்து காக்கும் வசதி கிடையாது. ஒரு நிரல் தப்பான இடத்தில் எழுதினால் எக்ஸெக்கின் பட்டியலே அறுந்துபோகும். கறுப்புத் திரையில் சிவப்புக் கட்டம் மின்ன, 'குரு மெடிட்டேஷன்' வந்து நிற்கும். 1990இல் வந்த அமிகா 3000இன் 68030 செயலியில் அந்தக் காவல் வசதி இருந்தும் பயனில்லை. ஒரு நிரலின் நினைவகத்தை மற்றொன்று நேரடியாகப் படிப்பதுதானே செய்தி முறையின் உயிர்? இடையில் சுவர் எழுப்பினால் பழைய நிரல்கள் எல்லாம் நின்றுபோகும்.

இவ்வளவுக்கும் பிறகும், சாசன்ராத் எடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு செய்தியையும் நகலெடுத்திருந்தால் 7 மெகாஹெர்ட்ஸ் செயலி திணறியிருக்கும்.

நீங்கள் நிரல் எழுதுபவர் என்பதால், 'ஏராஸ்' என்ற திறமூல மறுஆக்கத்தில் செய்தி அனுப்பும் பகுதியைப் படித்துப் பாருங்கள். சிறியதுதான், ஒரே மாலையில் முடித்துவிடலாம்.