பற்கறையும் குடிநீரும்

முத்தனைய பற்கள் முகத்திற்கு அழகு செய்வன. எனினும், நாள்தோறும் தவறாது பல் துலக்குவார் சிலருடைய பற்களிலும் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் காணப்படுகின்றன. தூய்மையின்மையே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுவர். அஃது எப்பொழுதும் உண்மையன்று.

அமெரிக்க நாட்டுக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டு தொழில் தொடங்கிய பல் மருத்துவர் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தோர் பலரிடம் இக்கறையைக் கண்டார். பல் முளைத்த பின்னர் அங்கே குடியேறியோர்க்கு அது தோன்றவில்லை. ஆகவே, குடிநீரின்மீது அவர் ஐயங்கொண்டார். 1931இல் எச். வி. சர்ச்சில் என்னும் வேதியியல் அறிஞர், அத்தகைய ஊர்களின் நீரை ஆராய்ந்து, அதில் புளோரைடு மிகுந்திருத்தலைக் கண்டறிந்தார்.

அளவோடு அமைந்த புளோரைடு பற்சொத்தையைத் தடுக்கும். ஆனால், ஈறுகளுக்குள் பல் உருவாகும் இளமைப் பருவத்தில் அது மிகுமாயின், பல்லின் மேலுறையாகிய எனாமல் செவ்வனே முதிராது. ஒளியிழந்து சுண்ணம்போல் வெளுக்கும். நாளடைவில் பழுப்பும் ஏறும். பல்லோடு உண்டான அக்கறை எவ்வளவு தேய்ப்பினும் நீங்காது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ?

நம் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களிலும், பாறைகளினூடே ஊறும் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்துள்ளது. அத்துன்பம் நீங்கும்பொருட்டே, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வாயிலாக 2013 முதல் காவிரி நீர் வழங்கப்பட்டு வருகிறது.

மாணவர்களே! கறைபடிந்த பல்லுடைய தோழனைக் கண்டு நகையாடாதீர்கள். அவன் வாய்விட்டுச் சிரிக்கவும் நாணுவான். குற்றம் அவனுடையதன்று, அறியாப் பருவத்தில் அவன் அருந்திய நீரினுடையது. அந்நீரைத் திருத்துதலே நம் கடன்.